வாயு என்று சொன்னார்கள், ஈசிஜி வேறு சொன்னது

நெஞ்சு வலி என்று சொல்லி 108-ஐ அழைப்பவர்கள் எங்கள் பக்கம் குறைவு. மூச்சு வாங்குது, வேர்த்துக் கொட்டுது, வாயு புடிச்சுக்கிச்சு, இப்படித்தான் அழைப்பு வரும். அதனால் முப்பது வயது தாண்டிய யாராக இருந்தாலும் தாடைக்கும் தொப்புளுக்கும் நடுவில் என்ன தொந்தரவு சொன்னாலும் முதலில் ஈசிஜி என்று வைத்திருக்கிறேன். நான் கொங்குப் பகுதியில் ஏ.எல்.எஸ். (உயர்தர உயிர்காக்கும் வசதி உள்ள ஆம்புலன்ஸ்) வண்டியில் இ.எம்.டி., அதாவது நோயாளியைக் கவனிக்கும் அவசர மருத்துவ உதவியாளர்.

அந்தியூர் பக்கம் ஒரு விவசாயி, ஐம்பதைத் தாண்டியவர். எலுமிச்சை சோடா குடித்துவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ரத்தக் குழாயை விரிக்கும் ஒரு சார்பிட்ரேட் மாத்திரையோடு நிற்கிறார், நாக்குக்கு அடியில் வைக்கலாமா என்று கேட்டார். "கொஞ்சம் பொறுங்க அண்ணா, படம் எடுத்துடறேன்" என்றேன். இதயத்தின் கீழ்ப்பக்கத்தைக் காட்டும் 2, 3, ஏவிஎஃப் லீடுகளில் எஸ்டி கோடு நன்றாக ஏறியிருந்தது, அட்டாக்கின் அடையாளம் அது. உடனே வலது பக்க நெஞ்சிலும் லீடு வைத்துப் பார்த்தேன், அங்கேயும் ஏற்றம், பிரஷரும் குறைவு. இதயத்தின் வலது கீழறையும் அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் சார்பிட்ரேட் போனால் பிரஷர் அப்படியே விழுந்துவிடும், ஆளைக் காப்பாற்ற வைத்த மாத்திரையே ஆளைச் சாய்த்துவிடும். 108 கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் இ.ஆர்.சி.பி. டாக்டரிடம் போனில் பேசி, ஆஸ்பிரின் 300 மில்லிகிராமை மென்று விழுங்க வைத்தோம், ஈசிஜி படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். வீட்டுக்காரர்கள் பக்கத்து நர்சிங் ஹோமில் நிறுத்தச் சொல்லி ஒரே பிடியாக இருந்தார்கள். அங்கே கேத் லேப் (இதய ரத்தக் குழாய் அடைப்பைப் பார்த்து நீக்கும் அறை) கிடையாது என்று சொல்லிப் புரியவைத்து, அது உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போனோம். நாங்கள் சேர்ந்தபோது கேத் லேப் தயாராக இருந்தது, கேஷுவாலிட்டியில் நிறுத்தாமல் உள்ளே கொண்டுபோனார்கள்.

அப்புறம் ஒரு பாட்டி, பல வருட சுகர். "வலியெல்லாம் இல்ல கண்ணு, கை கால் அசந்து வருது" என்றார். வேர்வையில் ஈசிஜி ஸ்டிக்கர் ஒட்டவே இல்லை, துடைத்துத் துடைத்து ஒட்டினோம், மருமகள் சேலையை மறைத்துப் பிடித்துக்கொண்டார். முதல் படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் முகம் எனக்குச் சரியாகப் படவில்லை, ஸ்டிக்கரைக் கழற்றாமல் போகும் வழியில் ஓரம் கட்டச் சொல்லி மறுபடி எடுத்தேன். முன்பக்க லீடுகளில் எஸ்டி ஏறத் தொடங்கியிருந்தது. முதல் ஈசிஜி நார்மல் என்றால் அட்டாக் இல்லை என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள், முக்கியமாக சுகர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும்.

படம் எடுக்கும் அந்தச் சில நிமிடம்தான் வீட்டுக்காரர்களுக்குப் பொறுக்காது. "வண்டிய எடுங்க மொதல்ல" என்று சத்தம் போடுவார்கள். அவர்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதையே அந்தத் தாள்தான் சொல்கிறது. கேத் லேப் 2 மணி நேரத்துக்குள் எட்டாத தூரம் என்றால், பக்கத்திலேயே ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, பிறகு ஆஞ்சியோவுக்கு அனுப்ப வேண்டும்.

தமிழ்நாட்டிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 2012 முதல் 2014 வரை நடந்த ஸ்டெமி (எஸ்டி ஏறும் வகை ஹார்ட் அட்டாக்) ஆய்வில் 2,420 நோயாளிகள், சிறிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸையும் கேத் லேப் உள்ள இடத்தோடு இணைத்தார்கள். ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். 2023-ல் வந்த இதயம் காப்போம் திட்டத்தால் இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அடோர்வாஸ்டாடின் முதல் டோஸ் கொடுத்துவிடுகிறார்கள், எங்களுக்கு அது பெரிய பலம்.

எனக்கு வருத்தம் ஒன்றில்தான். ஒரு ஆஸ்பத்திரியில் நான் நீட்டிய ஈசிஜியை ஓரமாக வைத்துவிட்டு, சீட்டுப் போட்டு, மறுபடி படம் எடுத்து, அதற்கப்புறம்தான் டாக்டரைக் கூப்பிட்டார்கள். நாங்கள் வழியில் மிச்சப்படுத்திய நேரமெல்லாம் அந்த வாசலில் போனது.

இன்னொன்று, பர்கூர் மலைப் பக்கம் போனால் பல வளைவுகளில் சிக்னல் கிடைப்பதில்லை, படம் அனுப்ப முடியாமல் அடிவாரம் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. மலைப்பகுதியில் ஓடும் மற்ற இ.எம்.டி.க்கள், பைலட்டுகள் (ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள்) இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.