உரை மருந்தை அகார் தட்டில் சோதித்தேன்: வட்டம் வராததைத் தள்ளிவிடலாமா?

கண்டனூர்க்காரன்:
காரைக்குடியில் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி படிக்கிறேன். கைப்பிள்ளைகளுக்கு வயிற்றால் போனால் எங்கள் அப்பத்தா கல்லில் உரசிக் கொடுக்கும் உரை மருந்துச் சரக்குகளையே ப்ராஜெக்டுக்கு எடுத்துக்கொண்டேன்: மாசிக்காய், கடுக்காய், வசம்பு. கூடவே மாதுளைத் தோலும் கொய்யாக் கொழுந்தும். எல்லாவற்றையும் மெத்தனாலில் ஊறவைத்து, 6 மி.மீ. காகித டிஸ்கில் ஏற்றி, ஈ.கோலை, ஷிகெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமிகளைத் தேய்த்த அகார் (கடல்பாசிக் கூழ்) தட்டுகளில் வைத்தேன். மாசிக்காய்க்கும் மாதுளைக்கும் டிஸ்கைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் பளிச்சென்று வந்தது. கடுக்காய் பரவாயில்லை, கொய்யா சுமார். வசம்புக்கு ஒன்றுமே இல்லை. மாசிக்காயை மட்டும் வைத்து எழுதி முடி என்கிறார்கள் சீனியர்கள். அப்பத்தாவோ, "வசம்பு இல்லாம என்னடா உரை மருந்து?" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பழைய லேப் ஆள், தேவகோட்டை:
தம்பி, அப்பத்தா கையில் இருப்பதும் உங்கள் டிஸ்கில் இருப்பதும் ஒரே பொருள்தானா? எங்கள் வீட்டில் மாசிக்காயைச் சோற்றோடு வேகவைத்துக் காயவைத்த பிறகுதான் உரைகல்லில் வைப்பார்கள். வசம்பை விளக்கில் சுட்டுக் கரியாக்குவார்கள். உரசுவது தண்ணீரில், இல்லையென்றால் தாய்ப்பாலில். மெத்தனாலை யாரும் சங்கில் ஊற்றிப் புகட்டியதில்லை! பச்சைச் சரக்கு, பக்குவம் செய்தது, தண்ணீர்ச் சாறு, மெத்தனால் சாறு எல்லாம் தனித்தனி மாதிரிகள்.

அப்புறம் அந்த வட்டம். சாற்றின் வீரியம் மட்டுமல்ல, அது அகாருக்குள் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது. டானின் என்ற துவர்ப்புச் சத்தின் பெரிய மூலக்கூறுகள் மெதுவாகத்தான் நகரும். வசம்பின் எண்ணெய்ச்சத்து அகாரில் சரியாகப் பரவாது. அதனால் வட்டத்தை வைத்து ஒன்றைவிட இன்னொன்று உசத்தி என்று எழுதாதீர்கள். எம்.ஐ.சி. பாருங்கள், அதாவது கிருமி வளர்வதைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு. கலங்கலை வைத்துக் கிருமி அடர்த்தியை மதிப்பிடும் மெக்ஃபார்லண்ட் அளவுகோலில் 0.5 என்றால் மில்லிக்குச் சுமார் 15 கோடி கிருமி. அதை நீர்க்கச் செய்து, 96 குழித் தட்டில் மில்லிக்கு 5 லட்சம் வரும்படி போடுங்கள். மாசிக்காய்ச் சாறு டிகாஷன் நிறத்தில் இருக்கும், கலங்கல் கண்ணுக்குத் தெரியாது. ரெசசூரின் என்ற சாயம் சேர்த்தால் கிருமி உயிரோடிருக்கும் குழி நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும். சில சாறுகள் தாமாகவே அந்த நிறத்தை மாற்றிவிடும் என்பதால் கிருமி சேர்க்காத சாறு ஒரு குழி, கரைப்பான் மட்டும் ஒரு குழி கட்டாயம்.

கொய்யாவைத் தள்ளவே தள்ளாதீர்கள். 2010இல் வெளிவந்த மும்பை ஆய்வு ஒன்றில், கொய்யா இலைக் கஷாயம் காலரா நச்சு உற்பத்தியைக் குறைத்தது. ஷிகெல்லா செல்லுக்குள் நுழைவதையும் தடுத்தது. இதெல்லாம் டிஸ்கில் தெரியுமா?

நாட்டு மருந்துக் கடை:
மாசிக்காய் நம் ஊர்ச் சரக்கே இல்லை, காயும் இல்லை. துருக்கி, ஈரான் பக்கத்து ஓக் மரத்தில் குளவி முட்டையிடுவதால் வரும் புடைப்பு. குளவி வெளியேறிய காயில் ஓட்டை இருக்கும், அதில் துவர்ப்பும் குறைவு. ஓட்டையில்லாத, கனமான காயாகப் பொறுக்கி எடுங்கள். கொய்யா, மாதுளைக்குக் கிளையோடு மாதிரி எடுத்துத் திருச்சி ராபினட் ஹெர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகம்) காட்டிப் பெயரை உறுதி செய்துகொள்ளலாம்.

பிள்ளை மருத்துவர்:
ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள். கைப்பிள்ளைகளின் வயிற்றுப்போக்குக்கு ரோட்டா வைரஸ் பெரிய காரணம், அது உங்கள் தட்டில் வராது. வசம்பில் உள்ள பீட்டா-அசரோன் நச்சுத்தன்மை உடையது. அப்பத்தா மேல் மரியாதை உண்டு, ஆனாலும் நான் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்ல மாட்டேன். உயிரைக் காப்பது ஓ.ஆர்.எஸ். கரைசல். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்குத் தினமும் 20 மி.கி. துத்தநாகம், 10 முதல் 14 நாள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

கண்டனூர்க்காரன்:
நன்றி ஐயா, எல்லோருக்கும். சுட்ட வசம்பையும் வேகவைத்த மாசிக்காயையும் தனி மாதிரியாகச் சேர்க்கிறேன். லேப் ஐயாவுக்கு ஒரு கேள்வி: கரி தண்ணீரில் கரையாதே, அதை வடிகட்டிவிட்டுச் சோதிப்பதா, கலக்கி அப்படியே போடுவதா?

பழைய லேப் ஆள், தேவகோட்டை:
இரண்டும். கரி பொருட்களை ஈர்த்து வைத்துக்கொள்ளும், வடிகட்டியதில் மட்டும் தேடினால் கிடைக்காமல் போகலாம். கலக்கிய குழியில் நிறத்தை நம்பாதீர்கள், அதிலிருந்து எடுத்துப் புது அகாரில் தேய்த்துக் காலனி எண்ணுங்கள்.