‘எண்ணிம’ வேண்டாம், ‘இருநிலை’ போதும்: டிஜிட்டல் சிக்னல் மாட்யூலுக்கு ஒரு கலைச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

பழைய லேத், பவர் பிரஸ் போன்றவற்றில் பொருத்தி, அவை ஓடுகின்றனவா நிற்கின்றனவா என்பதைக் கணினிக்குத் தெரிவிக்கும் டிஜிட்டல் சிக்னல் மாட்யூலுக்கு ‘எண்ணிமச் சமிக்ஞைத் தொகுதி’ என்னும் சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. இதில் ‘எண்ணிம’ என்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

இக்கருவி செய்யும் வேலையைப் பார்ப்போம். எந்திரத்தின் பச்சை விளக்குக்குச் செல்லும் 24 வோல்ட் கம்பியிலிருந்து ஒரு கிளை எடுத்து இதன் முனையில் முறுக்குகிறோம். இத்தகைய உள்ளீடுகளுக்கான பன்னாட்டுத் தரத்தின்படி, 15 வோல்ட்டோ அதற்கு மேலோ வந்தால் ‘உண்டு’, 5 வோல்ட்டுக்குள் அடங்கினால் ‘இல்லை’. அங்கே எண் எதுவும் பிறப்பதில்லை. மாறாக, 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரை ஏறி இறங்கும் மின்னோட்டத்தை வாங்கும் அனலாக் கருவிதான் அதை எண்ணாக மாற்றித் தருகிறது. எண் தராத கருவிக்கு ‘எண்ணிம’ என்று பெயரிட்டு, எண் தரும் கருவிக்கு அப்பெயரை மறுத்தால், முதன்முறை படிக்கும் மாணவர் குழம்பாமல் என்ன செய்வார்? ஆகவே சிக்னலைக் ‘குறிகை’ எனக் கொண்டு, டிஜிட்டலுக்கு ‘இருநிலைக் குறிகை’, அனலாகுக்குத் ‘தொடர்நிலைக் குறிகை’ என்ற இணையைப் பரிந்துரைக்கிறேன்.

மாட்யூலுக்கு வைத்த ‘தொகுதி’ ஏற்கெனவே பல பொருள்களைச் சுமக்கிறது, ‘கூறகம்’ பொருந்தும். முழுச்சொல் ‘இருநிலைக் குறிகைக் கூறகம்’ என்றாகும்.

இச்சொல் கருவியின் எல்லையையும் உணர்த்துவதுதான் எனக்கு முதன்மையானது. விளக்கே இல்லாத பழைய லேத்தில், மோட்டாருக்குச் செல்லும் ஒரு கம்பியைச் சுற்றி மின்னோட்டத்தை உணரும் வளையத்தை மாட்டி, மின்னோட்டம் குறித்த அளவைத் தாண்டினால் தொடுப்பு (கான்டாக்ட்) மூடும்படி அமைப்பார்கள். வெறுமனே சுழலும்போதும் மோட்டார் மின்சாரம் எடுப்பதால், அந்த அளவை வெறும் சுழற்சிக்கும் வெட்டுக்கும் இடையில் பார்த்து வைக்க வேண்டும். மெல்லிய வெட்டில் இவ்விரண்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு. தொழிலாளி மோட்டாரை நிறுத்திவிட்டுச் சக்கில் (லேத்தின் சுழலும் பிடியில்) வேலைப்பொருளை ஆட்டம் பார்த்து இறுக்கும் நேரமும் வேலைதான் என்றாலும், கூறகம் அதை ‘இல்லை’ என்றே சொல்லும். அவரைச் சோம்பேறியாகக் காட்டும் அறிக்கை அங்கிருந்துதான் பிறக்கிறது. ‘எண்ணிம’ என்ற சொல் தராத எச்சரிக்கையை ‘இருநிலை’ தருகிறது.

கருவியின் மூடியில் ‘டிஜிட்டல் இன்புட்’ என்றே அச்சிட்டிருப்பதால் நேர்ப்பெயர்ப்பே உதவும் என்ற வாதத்தை மதிக்கிறேன். அதற்கு, முதல் முறை ஆளும்போது ஒலிபெயர்ப்பை உடன் தந்தால் போதும்.

‘மேனுவல் மெஷின்’ என்பதற்கு ‘கையியக்க எந்திரம்’ என எழுதுவதையும் தவிர்க்கலாம். சுழற்றுவது மோட்டார், கைச்சக்கரத்தைத் திருப்பி உளியை நகர்த்துவது மட்டுமே ஆள். ‘கைமுறை எந்திரம்’ சரியாக இருக்கும்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. பிரஸ்ஸின் ஒவ்வோர் அடிக்கும் லிமிட் சுவிட்சு (நகரும் பாகம் தொட்டதும் மூடும் சுவிட்சு) மூடும்போது, அதன் தகடுகள் சில மில்லிநொடி அதிர்ந்து பலமுறை தொட்டு விலகுவதால், ஓர் அடியே இரண்டு மூன்றாகக் கணக்கேறும். இதைத் ‘தொடுப்புத் துள்ளல்’ என்றும், அந்தச் சிறு நேரத்து மாற்றங்களைப் பொருட்படுத்தாமல் விடுவதைத் ‘துள்ளல் நீக்கம்’ என்றும் சொல்லலாமா? ‘அதிர்வு’ என்பதை எந்திரத்தின் அதிர்வுக்கே விட்டுவைக்க விரும்புகிறேன்.