மார்க் போடாத கட்டுரை நோட்டு

சேரன்மகாதேவி பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். கட்டுரை நோட்டில் நான் மார்க் போடுவதில்லை. பிள்ளைகள் பதில் எழுத வேண்டிய ஒரு கேள்வி மட்டும் எழுதுவேன். மார்க் பதிவேட்டில் இருக்கும், கேட்டால் சொல்வேன்.

மார்க்கையும் கேள்வியையும் சேர்த்துக் கொடுத்தால் மார்க்கைப் பார்ப்பார்கள், பக்கத்து நோட்டை எட்டிப் பார்ப்பார்கள், மூடி வைத்துவிடுவார்கள். 1988இல் கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் இஸ்ரேல் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்விலும் இதேதான். குறிப்பு மட்டும் வாங்கியவர்கள் முன்னேறினார்கள்; மார்க்கும் சேர்த்து வாங்கியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

பத்தமடைப் பையன் ஒருவன் 'எங்கள் ஊர்' என்று எழுதி வந்தான். "எங்கள் ஊர் பாய் உலகப் புகழ் பெற்றது. மிகவும் அழகாக இருக்கும்." மீதியெல்லாம் நோட்ஸில் இருந்து எடுத்தது. 'நன்று' என்று போட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். "உங்கள் வீட்டில் கோரையைக் கிழிப்பது யார்? எப்படி?" என்று ஓரத்தில் எழுதி, அதே பீரியடில் கால் மணி நேரம் விட்டேன். மறுபடி வந்ததில் அவன் ஆச்சியே வந்துவிட்டார். கோரையை ஓடுகிற தண்ணீரில் ஊறப்போடுவது, உப்பியதும் எடுத்து நூல் மாதிரி கிழிப்பது, அப்புறம் "எங்க ஆச்சி கை எப்பவும் ஈரமாவே இருக்கும்" என்று ஒரு வரி. எந்த நோட்ஸிலும் இல்லாத வரி!

ளகர, ழகரப் பிழைகள் ஏழெட்டு இருந்தன. அன்றைக்குத் தொடவில்லை. சொல்ல விஷயம் வந்துகொண்டிருக்கும்போது சிவப்பு வட்டம் போட்டால் அடுத்த வரி வராது. அடுத்த வாரம் ளகரத்தை மட்டும் எடுத்து, அவனையே கண்டுபிடிக்கச் சொன்னேன்.

அவன் அப்பா வந்தார். "சார்வாள், நோட்டுல மார்க்கே காணலியே, பய படிக்கானா இல்லியா?" முதலில் எழுதியதையும் பிறகு எழுதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். விரல் வைத்து வாசித்தவர், "இது எங்க அம்மையப் பத்தில்லா எழுதிருக்கான்" என்றார். அப்புறம் மார்க்கையும் கேட்டார், சொன்னேன்.

நாற்பது நோட்டுக்கும் கேள்வி எழுத நேரம் ஏது என்று ஒரு டீச்சர் கேட்டிருந்தார்கள். நியாயம்தான். ஒரு கட்டுரைக்கு ஒரு வரிசை நோட்டை மட்டும் எடுங்கள். மற்றவர்களிடம் எழுதும்போதே பக்கத்தில் போய், வகுப்பு முழுக்கக் கேட்காதபடி வாயால் கேளுங்கள். அடுத்த கட்டுரைக்கு வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.