ஒரே சம்பளம், நாலு பேர்: கம்பெனி பாலிசி போதுமா?

கேள்வி (தண்டையார்பேட்டை):
வீட்டுக்காரர் சம்பளம் மட்டும்தான், ரெண்டு பிள்ளைங்க. கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீட்டு பாலிசி 3 லட்சம். தனியா ஒண்ணு எடுக்கணுமா?

பதில் 1:
எடுங்க. வேலை போனா பெரும்பாலும் அந்தக் காப்பீடும் கூடவே போயிடும். புது பாலிசியில முதல் 30 நாள் விபத்துக்கு மட்டும்தான் கிடைக்கும். ஏற்கெனவே இருக்கிற சுகர், பிபிக்கு 36 மாசம் வரை காத்திருக்கணும். அதனால வேலை இருக்கும்போதே ஆரம்பிக்கணும். ஃபார்ம்ல சுகரை மறைக்காதீங்க, க்ளெய்ம் அங்கதான் அடிபடும்.

பதில் 2:
ரூம் வாடகை வரம்பைப் பாருங்க சிஸ்டர். ஒரு நாளைக்கு 3,000 வரம்பு, நீங்க எடுத்தது 6,000 ரூமா? வாடகை மட்டுமில்ல, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் பில்லும் பாதிதான் வரும். மருந்து பில்லுக்கு அந்த வெட்டு கிடையாது.

பதில் 3:
மாசச் சம்பளம் 21,000க்குள்ளன்னா முதல்ல இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு) இருக்கான்னு கேளுங்க. ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள்ளன்னா முதல்வர் காப்பீட்டு அட்டை, ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலயே செல்லும்.