105க்குக் கீழ விடாதை

குழு: கண்டாவளை வீடு
2025 பெப்ரவரி

குகன்: பின்னேரம் வியாபாரி லொறியோட வாறானாம். நாடு நெல்லைக் கிலோ 100 ரூபாக்குக் கேக்கிறான். மூடைக்கு 2 கிலோ கழிவு. என்ன சொல்ல?

தேவன் பெரியப்பா கனடா: குடுக்காதை. ஆறுதலா வாசியுங்கோ பிள்ளையள். பார்கெய்னிங் பவர் எண்டு ஒண்டு இருக்கு. விக்கிறவனுக்கு அவசரம் இல்லையெண்டால் வாங்கிறவன் ஏறி வரத்தான் வேணும். நெல் சந்தைப்படுத்தும் சபை நாடு 120, சம்பா 125, கீரிச்சம்பா 132 எண்டு அறிவிச்சிருக்கு. மூண்டு வீட்டு நெல்லையும் ஒரு இடத்தில குவிச்சு ஒரு விலை சொல்லுங்கோ. அவன் 100 எண்டால் சிரிச்சுப்போட்டு எழும்புங்கோ.

ராசன் சித்தப்பா: ஆர் எழும்புறது? அண்ணை வந்து எழும்பட்டும்

குகன்: பெரியப்பா, 120 காஞ்ச நெல்லுக்கு. ஈரம் 14 வீதம் தாண்டக்கூடாது. இது நேற்று மிசின் வெட்டினது. குவியலுக்க கை விட்டால் சுடுது

சுபா அக்கா: காயப்போட்டுக் குடன்

குகன்: எங்க? முல்லைத்தீவு றோட்டில ஒரு கரை முழுக்க ஆக்களின்ர நெல்லு. மழையும் இருட்டுது

வசந்தி மாமி: நெல்லுக் காயப்போடுற எங்கட பெரிய படங்கு ராசன்ர மாமனாரின்ர அந்தியேட்டிக்குப் போனது. இன்னும் வரேல்ல

ராசன் சித்தப்பா: அது கிழிஞ்ச படங்கு

வசந்தி மாமி: போகேக்க கிழியேல்ல

தேவன் பெரியப்பா கனடா: விசயத்துக்கு வாங்கோ. பவர் ஆரிட்ட இருக்கு?

ராசன் சித்தப்பா: உரக்கடைக்காரனிட்ட. காலமையில இருந்து ரெண்டு கோல். இவளின்ர சங்கிலியும் ஈட்டில

கலா பெரியம்மா கனடா: எங்கட அப்பாவிட்டச் சீதனம் பேசேக்க இவருக்கு நல்ல பவர் 😂

சுபா அக்கா: 🙈🙈

தேவன் பெரியப்பா கனடா: கலா, அது வேற

ராசன் சித்தப்பா: அண்ணேன்ர 2 ஏக்கருக்கும் உரம் போட்டது நான். குத்தகையும் கேட்டவர்

தேவன் பெரியப்பா கனடா: அதைத் தனியக் கதைப்பம்

அப்பம்மா: 🎤 0:41

சுபா அக்கா: என்னவாம்? வேலையில நிக்கிறன், கேக்கேலாது

வசந்தி மாமி: விதைநெல்லும் சாப்பாட்டுக்கும் எடுத்து வைச்சிட்டுத்தான் விக்கோணுமாம். தேவன் அண்ணை சாப்பிட்டிட்டாரோ எண்டும் கேக்கிறா

குகன்: பாதியைக் குடுத்திட்டுப் பாதியைக் காயவைப்பமோ?

ராசன் சித்தப்பா: பாதிக்கு அவன் லொறி விடான்

வசந்தி மாமி: கழிவை 1 கிலோ ஆக்கச் சொல்லு

குகன்: லொறி வந்திட்டுது. பிறகு கதைக்கிறன்

தேவன் பெரியப்பா கனடா: 105க்குக் கீழ விடாதை

தேவன் பெரியப்பா கனடா: குகன்?

ராசன் சித்தப்பா: அவன் தராசடியில நிக்கிறான்