புளியரை – புனலூர் பக்கம் ஓர் அறை தேவை

வணக்கம் உறவுகளே. தமிழக – கேரள எல்லையிலுள்ள புளியரைச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, இரண்டு பேருக்கு வாடகைக்கு ஓர் அறை வேண்டும். ஒருவர் திருநங்கை, மற்றவர் தம்மை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லிக்கொள்ளாதவர். இருவருமே வீட்டைவிட்டு விரட்டப்பட்டவர்கள். இப்போது எங்கள் குழுத் தோழி ஒருவரின் வீட்டுத் திண்ணையில் படுக்கிறார்கள். சாரல் தொடங்கினால் அங்கும் படுக்க முடியாது.

முன்பணம் நாங்கள் தருகிறோம். ஆளைப் பார்த்ததும் "வீடு முடிந்துவிட்டது" என்கிறார்கள். 'வாடகைக்கு' என்ற பலகை மட்டும் வாசலில் தொங்கிக்கொண்டே இருக்கிறது! திருநர் என்பதைக் காரணம் காட்டி வீடு மறுப்பதை 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. சட்டத்தைக் காட்டிச் சாவி வாங்க முடிகிறதா என்ன?

ஓரிடத்தில் வசிப்பதைக் காட்ட வாடகை ஒப்பந்தம் கட்டாயம் வேண்டும். அந்தச் சட்டத்தின் 2020 விதிகளின்படி, திருநர் அடையாளச் சான்றுக்கு விண்ணப்பிப்பவர் அந்த மாவட்டத்தில் தொடர்ந்து 12 மாதங்கள் வசித்திருக்க வேண்டும். தென்காசிக்கும் கொல்லத்துக்கும் இடையே அலைபவருக்கு அந்தக் கணக்கு தொடங்குவதே இல்லை.

மலையாளத்தில் ஒப்பந்தம் எழுதித் தரக்கூடியவர்களும் சொல்லுங்கள். "பெற்றோரிடம் பேசிப் பாருங்கள்" போன்ற அறிவுரைகள் வேண்டாம். தனிச்செய்தியில் எழுதுங்கள், அவர்களின் பெயரோ படமோ கேட்காதீர்கள்.