ஆயா வீட்டுப் பிள்ளைகள் (குடும்ப குரூப்)

வசந்தி அத்தை: ஞாயிறு காதுகுத்து காலை 9 – 10.30. ஸ்ரீபெரும்புதூர் மண்டபம். தாம்பரத்துலேர்ந்து ஆயாவை யார் கூட்டிட்டு வர்றீங்க? சாப்பாட்டுக்கு எத்தனை பேர்னும் சொல்லுங்க

பெரியப்பா: கார்த்தி கூட்டிட்டு வருவான். என் எஸ்டீம் கார் அவன்கிட்ட தானே இருக்கு

கார்த்தி: பெரியப்பா அன்னைக்கு இருங்காட்டுக்கோட்டைல ரேஸ். சீசன்ல கடைசி ரவுண்டு

பெரியப்பா: பக்கம் தானே. விட்டுட்டுப் போய்ப் பாரு

திவ்யா: அண்ணன் பாக்கப் போகல 🤭

கார்த்தி: திவ்யா சும்மா இரு

பெரியப்பா: வண்டி எங்க

சேகர் மாமா: மச்சான் நான் விவரமா சொல்றேன். தேசிய சாம்பியன்ஷிப்புல கூரை வச்ச காருக்கே மூணு பிரிவு. மேல இந்தியன் டூரிங் கார். அதுல போலோ மாதிரி வண்டிங்க, எஞ்சின்ல நிறைய கை வைக்கலாம். ரேஸ் கான்செப்ட்ஸ் டீமுக்கு ஓட்டுற கோயம்புத்தூர் அர்ஜுன் பாலு, அர்கா மோட்டார்ஸ்போர்ட்ஸ் அர்ஜுன் நரேந்திரன், இவங்கள்லாம் மோதினது இதுல தான். அடுத்தது சூப்பர் ஸ்டாக். கடைசில ஜூனியர் டூரிங் கார், புதுப் பசங்களுக்கு. அதுல எஸ்டீம் நிறைய ஓடுது. எடை கம்மி, 1300 சிசி, மெக்கானிக்குக்குக் கைப்பழக்கமான எஞ்சின். டிராக் 3.7 கிலோமீட்டர், 12 வளைவு

பெரியப்பா: ஆயா எங்க உக்காருவா

திவ்யா: பின் சீட்டு இல்ல பெரியப்பா. கம்பிக் கூண்டு தான் இருக்கு

பெரியப்பா: ???

கார்த்தி: ரோல் கேஜ் பெரியப்பா. வண்டி உருண்டாலும் ஒண்ணும் ஆகாது

வசந்தி அத்தை: உருளுமா!!

பெரியப்பா: 98ல வாங்கின வண்டி. காலேஜ் போகணும்னு தானே சாவி வாங்கினான்

ரவி சித்தப்பா: கடைசி மூணு டியூ கட்டினது நான். அது யாருக்கும் ஞாபகம் வராது

வசந்தி அத்தை: குரூப்ல வேணாம்

பெரியப்பா: பிள்ளைய வளத்திருக்க பாரு

ரவி சித்தப்பா: சோழவரம் ரேஸுக்கு அப்பா ஸ்கூட்டரை சொல்லாம எடுத்துட்டுப் போனது யாருண்ணே? பெட்ரோல் தீந்து செங்குன்றம் வரைக்கும் தள்ளினது நான்

சேகர் மாமா: சோழவரம் யுத்த காலத்து விமான ஓடுதளம். ரெண்டு பக்கமும் நீள ரோடு. அப்புறம் தான் 1990ல இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்துச்சு. அதை நடத்துற மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953லயே ஆரம்பிச்சது

பிரவீன்: ரேஸுக்கு தல வருவாரா

சேகர் மாமா: அவர் இப்ப வெளிநாட்டுல ஓட்டுறார். 2025 ஜனவரில துபாய் 24 மணி நேர ரேஸ்ல அவர் டீம் தன் பிரிவுல மூணாவது

பிரவீன்: 🔥🔥🔥

வசந்தி அத்தை: சாப்பாட்டுக்கு எத்தனை பேரு??

பிரவீன்: நாலு. இல்ல அஞ்சு

திவ்யா: ஆயா கால் டாக்சில ஏற மாட்டேங்குறாங்க. போன தடவை வாந்தி

கார்த்தி: டீம் வேன் சனிக்கிழமையே போயிடும். கேட்டுப் பாக்குறேன்

வசந்தி அத்தை: டயரோடவா ஆயா வருவா

சேகர் மாமா: டயர் விஷயம் தனிக் கதை

வசந்தி அத்தை: நீங்க கொஞ்சம் கீழ வாங்க. கேஸ் மாத்தணும்

பெரியப்பா: அந்தப் பின் சீட்டு எங்க இருக்கு

திவ்யா: மொட்டை மாடில

பெரியப்பா: எறக்கி உள்ள வை. மழை வருது

திவ்யா: பூனை குட்டி போட்டிருக்கு பெரியப்பா. இன்னும் கண்ணு தொறக்கல